அம்மாவின் மூச்சிரைப்புக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 57 வயது. பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. நாலைந்து வருடமாக மூச்சிரைப்பு. போன வருடம் ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்துவிட்டு சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) என்றார்கள். இரண்டு இன்ஹேலர் தந்திருக்கிறார்கள். ஆனாலும் இந்த மழைக்காலத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. என் தாய்மாமா, அம்மாவின் தம்பி, 46 வயதில் நுரையீரல் கெட்டு இறந்தார். அவர் பீடி குடிப்பார். அண்ணனும் சிகரெட் பிடிக்கிறான். எச்சிலை அனுப்பினால் ஜீனைப் பார்த்து நுரையீரல் நோய் வருமா என்று சொல்லும் கிட் ஒன்றை 15,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். எல்லோருக்கும் எடுக்கலாமா? ஜீனைத் திருத்தி நுரையீரல் நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை வந்துவிட்டதாக வீடியோவில் பார்த்தேன், உண்மையா? எனக்கு 5 வயதில் மகள் இருக்கிறாள். அவளுக்கும் இது வருமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோபிசெட்டிபாளையம் அருகே

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்த 15,000 ரூபாய் கிட் வேண்டாம். அம்மாவுக்கு இரண்டே இரண்டு ரத்தப் பரிசோதனைகள் எடுங்கள். ஒன்று எல்லா லேபிலும் கிடைக்கும். இன்னொன்றை பெரிய லேபுகள் செய்து தரும். மரபணு ஆராய்ச்சியால் அம்மாவுக்கு இன்றைய தேதியில் ஏதாவது நன்மை கிடைக்க வேண்டுமென்றால், அது பெரும்பாலும் இந்த இரண்டின் வழியாகத்தான் கிடைக்கும். ஏன் என்று விளக்குகிறேன்.

உங்கள் கடிதத்தில் தாய்மாமாவைப் பற்றிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பீடி குடித்தார், சரி. ஆனால் பீடியால் நுரையீரல் கெடுபவர்களுக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய பிறகுதான். தம்பிக்கு 46-க்குள் உயிரே போகும் அளவுக்கு நோய், அக்காவுக்குப் புகைக்காமலே நோய் என்றால், பரம்பரையாக வரும் ஒரு குறைபாடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு என்பது அதன் பெயர்.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சொன்னால் விஷயம் எளிதில் புரியும். 1963-ல் ஸ்வீடன் நாட்டின் மால்மோ நகரில் கார்ல்-பெர்டில் லாரெல் என்ற மருத்துவர், நோயாளிகளின் ரத்தப் புரதங்களைக் காகிதப் பட்டையில் மின்சாரம் செலுத்திப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பட்டையிலும் புரதங்கள் தனித்தனிக் கோடுகளாக விழும். சுமார் 1,500 பட்டைகளில் ஐந்தில் மட்டும், ஆல்ஃபா-1 என்ற கோடு விழ வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவரும் ஸ்டென் எரிக்சன் என்ற இளம் மருத்துவரும் அந்த ஐந்து பேர் யார் என்று தேடிப் பார்த்தார்கள். மூன்று பேருக்கு இளம் வயதிலேயே நுரையீரல் சிதைந்திருந்தது. இந்த வகை நுரையீரல் சிதைவு பரம்பரையாகவும் வர முடியும் என்பதற்குச் சான்று கிடைத்தது அப்போதுதான்.

அந்தக் கோட்டில் இருக்க வேண்டிய புரதத்துக்கு நுரையீரலில் ஒரு காவல் வேலை. சளி, காய்ச்சல் வந்தால் வெள்ளையணுக்கள் கிருமியை அழிக்க எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கொட்டும். அது கிருமியோடு சேர்த்து நம் காற்றுப்பைகளின் மெல்லிய சுவரையும் அரித்துவிடும். அதைத் தடுத்து நிறுத்துவது ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். இந்தப் புரதம் இல்லாதவரின் காற்றுப்பைகள் வருடக்கணக்கில் அரிபட்டு, இழுவை போன ரப்பர் வளையம் போலத் தொய்ந்துவிடும். உள்ளே போன காற்று வெளியே வராது. இதோடு புகையும் சேர்ந்தால் சிதைவு இன்னும் வேகமாக நடக்கும். உங்கள் மாமா விஷயத்தில் எனக்கு வந்த சந்தேகம் இதுதான்.

இதற்கான ஜீன் 14-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே புரதம் தவறாக மடிந்து, அது உற்பத்தியாகும் கல்லீரலிலேயே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் சிலருக்கு நுரையீரலோடு கல்லீரலும் கெடுகிறது. கடுமையான பாதிப்பைத் தரும் இந்த மாற்றத்தை இசட் வகை என்பார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்தால்தான் பெரிய ஆபத்து. இசட் வகை வட ஐரோப்பியர்களிடம் அதிகம், நம் மக்களிடம் அபூர்வம். அம்மாவுக்கு அது இருக்க வாய்ப்பு குறைவு என்றே நினைக்கிறேன். ஆனாலும் சி.ஓ.பி.டி. உள்ள எவரும் வாழ்நாளில் ஒருமுறை இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் வீட்டுக் கதையைப் பார்த்தால், நான் கட்டாயம் செய்யச் சொல்வேன்.

செய்ய வேண்டியது, ரத்தத்தில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் அளவு. கிட் விலையில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அம்மாவுக்குக் காய்ச்சலோ நெஞ்சுச்சளியோ இருக்கும்போது எடுக்காதீர்கள். உடம்பில் அழற்சி இருந்தால் இந்தப் புரதத்தின் அளவு தற்காலிகமாக ஏறும். உண்மையில் குறைவாக இருப்பவருக்கும் நார்மல் என்று ரிப்போர்ட் வந்துவிடலாம். உடம்பு தேறி சில வாரம் கழித்து எடுங்கள். அளவு நன்றாக இருந்தால் இந்தக் கவலையை விட்டுவிடலாம். குறைவாக இருந்தால் மட்டும், அடுத்ததாக அந்த ஒரே ஜீனைப் பார்க்கும் சோதனை. ஏற்கெனவே சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். இந்தக் குறைபாட்டில் நுரையீரலின் கீழ்ப்பகுதி அதிகம் சிதைந்திருக்கும். விறகுப் புகையால் வரும் நோயில் காற்றுப்பைகளைவிட மூச்சுக்குழாய்கள்தான் அதிகம் தடித்துச் சுருங்கியிருக்கும்.

இனி அந்த வீடியோ. அதில் சொன்னது முழுப் பொய் அல்ல, ஆனால் அம்மாவின் நோய்க்குப் பொருந்தாது. இசட் வகைக் குறைபாட்டுக்கு, மற்றவர்கள் தானம் செய்த ரத்தத்திலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்து, வாரம் ஒருமுறை உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் கணக்கில் டிரிப்ஸாக ஏற்றும் சிகிச்சை 1987 முதல் அமெரிக்காவில் இருக்கிறது. அது சிதைவை மெதுவாக்கும், சிதைந்ததைத் திருப்பித் தராது. 2025-ல் ஓர் அமெரிக்க நிறுவனம் இதற்கு அடுத்த படிக்குப் போனது. கல்லீரல் செல்களுக்குள்ளேயே போய் அந்த ஒற்றை எழுத்தைத் திருத்தும் மருந்தை மிகச் சில நோயாளிகளுக்குக் கொடுத்து, நல்ல புரதம் ரத்தத்தில் சுரக்கத் தொடங்கியதைக் காட்டியிருக்கிறது. மருத்துவனாக எனக்கு இது பெரிய சந்தோஷம். ஆனால் இது ஆராய்ச்சியின் ஆரம்பக் கட்டம், அதுவும் இந்த ஒரு குறைபாட்டுக்கு மட்டும்.

ஜீனைத் தெரிந்துகொண்டதால் சிகிச்சையே மாறிப்போன இன்னொரு நுரையீரல் நோய் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் கெட்டியான சளி அடைத்துக்கொள்ளும் பரம்பரை நோய் அது. லாப்-சீ சூய், ஜான் ரியோர்டன், ஃபிரான்சிஸ் காலின்ஸ் குழுவினர் 1989-ல் அதன் ஜீனைக் கண்டுபிடித்தார்கள். கோளாறான புரதத்தை வேலை செய்யவைக்கும் முதல் மாத்திரை 2012-லும், பெரும்பாலான நோயாளிகளுக்கு உதவும் மூன்று மருந்துக் கூட்டு 2019-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இடையில் 20 வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அம்மாவின் நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்காக ஒரு வார்த்தை: குழந்தைக்கு அடிக்கடி நிமோனியா வருகிறது, எடை ஏறவில்லை, முத்தம் கொடுத்தால் தோல் உப்புக் கரிக்கிறது என்றால் வியர்வைச் சோதனையைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். இந்தியாவில் இந்த நோய் இல்லை என்று நெடுநாள் நம்பப்பட்டது. அது உண்மையல்ல.

சரி, கிட்டுக்கு வருவோம்.

மேலே சொன்ன இரண்டும் ஒற்றை ஜீன் நோய்கள். சாதாரண சி.ஓ.பி.டி. அப்படியல்ல. 2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் சுமார் 5,80,000 பேரின் மரபணுக்களையும் நுரையீரல் திறனையும் ஒப்பிட்டார்கள். நுரையீரல் திறனோடு தொடர்புள்ள இடங்கள் 1,020 கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் மிக மிகச் சிறிது. எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் போடுவதைத்தான் இந்த மாதிரி கிட்டுகள் செய்கின்றன. 2020-ல் வந்த ஓர் ஆய்வில், மதிப்பெண் மிக அதிகமாக இருந்த பத்தில் ஒரு பங்கினரை மிகக் குறைவாக இருந்த பத்தில் ஒரு பங்கினரோடு ஒப்பிட்டபோது, ஐரோப்பிய வம்சாவளியினரில் நோய்க்கான வாய்ப்பு விகிதம் ஏறக்குறைய 8 ஆக இருந்தது (1 என்றால் வித்தியாசமே இல்லை என்று பொருள்). மற்ற வம்சாவளியினரில் அது 5-க்கும் கீழே இறங்கிவிட்டது. காரணம், கணக்கு கற்றுக்கொண்டது யாரிடமிருந்து என்பதுதான். அந்த 5,80,000 பேரிலும் ஐந்தில் நான்கு பேர் ஐரோப்பிய வம்சாவளியினர்.

நம் நாட்டில் ஜீனோம் இந்தியா திட்டத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட சமூகங்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுப்பைப் படித்து, 2025 ஜனவரியில் அந்தத் தரவை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். மிக நல்ல தொடக்கம். ஆனால் விறகடுப்பில் சமைத்தவர்களையும், காசநோய் வந்து தேறியவர்களையும், ஊதும் டெஸ்ட் முடிவுகளோடு சேர்த்து லட்சக்கணக்கில் ஆராய்ந்தால்தான் கோபிக்காரருக்குப் பொருந்தும் மதிப்பெண் வரும். அது வரும் என்று நம்புகிறேன். வரும்வரை அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

பணத்தைவிட எனக்குப் பெரிய பயம் உங்கள் அண்ணனைப் பற்றித்தான். "ஆபத்து குறைவு" என்று ரிப்போர்ட் வந்தால் என்ன செய்வார்? இன்னொரு பாக்கெட் வாங்குவார். மதிப்பெண் நன்றாக இருப்பவருக்கும் சிகரெட்டால் நோய் வரும். 15-ஆவது குரோமோசோமில் நிக்கோட்டினை ஏற்கும் புரதங்களுக்கான ஜீன்கள் சில இருக்கின்றன. அதில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்கள் ஒரு நாளைக்கு அதிகம் புகைக்கிறார்கள், அவர்களுக்கு விடுவதும் கடினமாக இருக்கிறது. சி.ஓ.பி.டி. ஆய்வுகளிலும் புற்றுநோய் ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப இந்த இடமே தென்படுகிறது. ஆகவே அண்ணனைத் திட்டாதீர்கள். மன உறுதி இல்லாதவன் என்று சொல்லாதீர்கள். மருத்துவ உதவியோடு விடச் சொல்லுங்கள். நிக்கோட்டின் சூயிங்கம், பேட்ச், மாத்திரை எல்லாம் இருக்கின்றன, பலன் தருகின்றன. அவருக்கு ஒரு டெஸ்ட் எடுக்கத்தான் வேண்டுமென்றால் ஸ்பைரோமெட்ரி எடுங்கள். ஆழமாக மூச்சிழுத்து வேகமாக ஊத வேண்டும், அவ்வளவுதான். நுரையீரல் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதை எந்த ஜீன் கிட்டையும்விட அது தெளிவாகச் சொல்லும்.

அம்மாவுக்கு நான் சொன்ன இரண்டாவது ரத்தப் பரிசோதனை ஈசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளையணுவின் எண்ணிக்கை. லேபில் ஏ.இ.சி. என்று கேட்டால் தெரியும். அம்மா இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்ததால் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒரே சி.ஓ.பி.டி. என்ற பெயருக்குள் பல விதமான நோய்கள் இருக்கின்றன. மூச்சுக்குழாயின் உள்பக்கத்தைச் சிறு தூரிகையால் மெல்லத் தேய்த்து செல்களை எடுத்து, அவற்றில் எந்தெந்த ஜீன்கள் தீவிரமாக வேலை செய்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஆஸ்துமாக்காரர்களிடம் காணப்படும் அதே ஜீன் செயல்பாடு சில சி.ஓ.பி.டி. நோயாளிகளிடமும் இருந்தது. அவர்களுக்கு ரத்தத்தில் ஈசினோஃபில் அதிகமாக இருந்தது, ஸ்டீராய்டு இன்ஹேலர் நன்றாகக் கேட்டது. எல்லா நோயாளிகளுக்கும் தூரிகை போட முடியாது. சாதாரண ரத்தப் பரிசோதனை அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்துவிடுகிறது.

எண்ணிக்கை 300 அல்லது அதற்கு மேல் இருந்து அடிக்கடி மூச்சிரைப்பு திடீரென மோசமானால், ஸ்டீராய்டும் சேர்ந்த மூன்று மருந்து இன்ஹேலர் உதவ நல்ல வாய்ப்பு உண்டு. 100-க்குக் கீழே இருந்தால் ஸ்டீராய்டால் பலன் குறைவு, நிமோனியா வரும் ஆபத்து மிச்சம். மூன்று மருந்துக்கும் அடங்காமல் ஈசினோஃபில் அதிகமாகவே இருப்பவர்களுக்கு டுபிலுமாப் என்ற ஊசியை 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. ஆய்வுகளில் நோய் அப்படித் திடீரென மோசமாவதை அது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. 2025 மே மாதம் மெபோலிசுமாப் ஊசிக்கும் அனுமதி கிடைத்தது. நம் ஊரில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இவற்றின் விலை எட்டாது. அம்மாவுக்கு இப்போது தேவை என்றும் நான் சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய படிகள் இருக்கின்றன.

ஏ.இ.சி. பார்ப்பதில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. குடற்புழு இருந்தாலும் ஈசினோஃபில் ஏறும். யானைக்கால் கிருமிக்கு நுரையீரல் ஒவ்வாமை காட்டினால் 3,000-ஐயும் தாண்டும், ராத்திரி இருமலும் வீசிங்கும் வரும். அதற்கு மருந்தே வேறு. வெளிநாட்டுப் புத்தகத்தின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எண் கூடுதலாக இருந்தால் முதலில் இவற்றை விலக்க வேண்டும். இன்னொன்று, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போது எண்ணிக்கை விழுந்துவிடும். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எடுத்த ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம்.

ஜீன் ஆராய்ச்சி எப்படி மருந்தாகிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்து மக்களிடம் செய்த ஆய்வில், இன்டர்லூகின்-33 என்ற புரதம் சரியாக வேலை செய்யாதபடி மாற்றம் பெற்றவர்களுக்கு ஆஸ்துமா குறைவாக வருவது 2017-ல் தெரியவந்தது. இயற்கையே தடுத்துக் காட்டிவிட்டதே, நாமும் அந்தப் புரதத்தை மருந்தால் தடுத்தால் என்ன என்று கேட்டார்கள். அப்படி வந்த ஒரு மருந்தை, சிகரெட்டை விட்டுவிட்ட சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் இரண்டு பெரிய ஆய்வுகளில் சோதித்தார்கள். 2025-ல் ஒன்று வென்றது, இன்னொன்று தோற்றது. வீடியோக்களில் இரண்டாம் பாதி வருவதில்லை.

உங்கள் மகளைப் பற்றிக் கேட்டீர்கள். பாட்டிக்கு சி.ஓ.பி.டி. என்பதால் பேத்திக்கு வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் அவள் விஷயத்தில்தான் ஜீன் ஆய்வுகள் எனக்கு மிக முக்கியமான ஒன்றைக் கற்றுத்தந்திருக்கின்றன. அந்த 1,020 இடங்களில் கணிசமானவை, கருவில் நுரையீரல் உருவாவதற்கும் குழந்தைப் பருவத்தில் வளர்வதற்கும் வேண்டிய ஜீன்களுக்கு அருகில் இருக்கின்றன. 2015-ல் வந்த ஓர் ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது. சி.ஓ.பி.டி. வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு நுரையீரல் வேகமாகத் தேயவில்லை. இளவயதிலேயே முழு அளவுக்கு வளராமல் இருந்தது, அவ்வளவுதான். நுரையீரல் இருபது, இருபத்தைந்து வயது வரை வளர்ந்து உச்சத்துக்கு வரும். அம்மா சிறு பெண்ணாக அடுப்படியில் உட்கார்ந்திருந்த வருடங்களும், மாமா அதே வீட்டில் தவழ்ந்த வருடங்களும் இந்தக் கணக்கில் சேரும். ஒரு குடும்பத்தில் இருவருக்கு நோய் என்றவுடன் ரத்தம் என்று நினைக்கிறோம். அவர்கள் ஒரே சமையலறையில் வளர்ந்தவர்களும்கூட.

இந்தியாவில் 2016 கணக்குப்படி சுமார் 5.5 கோடிப் பேருக்கு சி.ஓ.பி.டி. இருந்தது. அவர்களில் அம்மா போலப் புகைக்காத பெண்கள் ஏராளம். கேஸ் வாங்கிய பிறகும் வெந்நீர் போடவும் சோறு வடிக்கவும் விறகடுப்பு மூட்டும் வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் அப்படியென்றால் அந்த அடுப்பை வெளியே கொண்டுபோங்கள், அம்மாவையும் குழந்தையையும் அதன் பக்கத்தில் விடாதீர்கள். கொசுவத்திச் சுருளும் வேண்டாம், வலை போடுங்கள். அண்ணன் வீட்டுக்குள் புகைக்கக் கூடாது. மகளுக்குத் தடுப்பூசி எதுவும் விடுபட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஜீன் டெஸ்ட் எதுவும் தேவையில்லை.

அப்புறம் இன்ஹேலர். இரண்டு முறை அட்மிட் ஆனவருக்கு மருந்தை மாற்றுவதற்கு முன் நான் எப்போதும் செய்வது, என் முன்னாலேயே எடுத்துக் காட்டச் சொல்வது. கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் வகை என்றால் பலர் அதற்குள் மூச்சை ஊதிவிடுவார்கள். பொடி ஈரமாகி ஒட்டிக்கொள்ளும். முதலில் முகத்தைத் திருப்பி மூச்சை முழுதாக வெளியே விட்டு, பிறகு வாயில் வைத்து வேகமாக, ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். முடித்ததும் கேப்ஸ்யூலைத் திறந்து பாருங்கள். பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுக்க வேண்டும். அழுத்தும் ஸ்பிரே வகைக்கு நேர்மாறு, மெதுவாக இழுக்க வேண்டும், ஸ்பேசர் (ஸ்பிரேக்கும் வாய்க்கும் இடையில் மாட்டும் குழாய்) அவசியம். ஸ்டீராய்டு இருந்தால் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அம்மா எடுப்பதை போனில் வீடியோ பிடித்து டாக்டரிடம் காட்டினாலும் போதும். பாதி நேரம் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி, நிமோகாக்கல் தடுப்பூசி, மூச்சு வாங்கினாலும் விட்டுவிடாத தினசரி நடை, இதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார். சொல்லவில்லையென்றால் கேளுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இன்ஹேலர் இரண்டையும், பழைய ஊதும் டெஸ்ட் ரிப்போர்ட்டையும், ஏ.இ.சி. ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். அம்மா எப்போதாவது காசநோய்க்கு மருந்து சாப்பிட்டாரா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதுவும் இதே போன்ற அடைப்பை விட்டுச் செல்லும். ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சினை உடம்பு தேறிய பிறகு எடுங்கள். அளவு குறைவாக வந்தால் எனக்கு எழுதுங்கள். அப்போது அண்ணனும் நீங்களும் அந்த ஒரு ஜீனைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதற்கான வழியைச் சொல்கிறேன்.